க்யூவைத் தாண்டக் காசு: ஆர்லாண்டோ போகிறவர்கள் எதை வாங்கலாம், எதை விடலாம்

"டிசம்பர் லீவுக்கு அப்பா அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள். ஆர்லாண்டோவில் டிஸ்னி வேர்ல்டுக்கு நாலு நாள் போட்டிருக்கிறோம். டிக்கெட்டே கண்ணைக் கட்டுகிறது. அதற்கு மேல், க்யூவைத் தாண்டிப் போக லைட்னிங் லேன் என்று மூன்று தினுசில் ஏதோ பாஸ் விற்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?" டல்லாஸில் இருக்கும் ஒருவர் கேட்டது இது. குடும்பத்தில் ஆறு பேர்: கணவன், மனைவி, 9 வயது மகள், 3 வயது மகன், தாத்தா, பாட்டி. ஊர் பெயரையும் வயதையும் மாற்றினால் இதே கேள்வி வருஷம் முழுக்க வருகிறது. அதனால் இந்தக் குடும்பத்தையே மனதில் வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவெடுப்பது

விலையை மட்டும் பார்த்தால் தப்பான பாஸைத்தான் வாங்குவீர்கள். நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். தலைக்கு எவ்வளவு, அதற்கு எத்தனை மணி நேரம் மிச்சம். எத்தனை நாள் முன்னால் முடிவெடுக்க வேண்டும். அன்றைக்குப் போனை எவ்வளவு நேரம் கையிலேயே வைத்திருக்க வேண்டும். மழை வந்தால், ரைடு பழுதானால், பையன் தூங்கிப்போனால் திட்டம் தாங்குமா. கடைசியாக, உங்கள் ஆறு பேரில் எத்தனை பேர் உண்மையிலேயே ஏறப்போகிறார்கள்.

நம் வீடுகளில் பணம் வீணாவது பெரும்பாலும் இந்த ஐந்தாவதில்தான். "எல்லாருக்கும் சேர்த்தே போட்டுடுப்பா" என்று ஆறு பாஸ் வாங்கிவிட்டு, அதில் மூன்று பேர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பையைக் காவல் காப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காசு கொடுத்து வாங்குவது என்ன?

ஒரு ரைடில் மணிக்கு 1,200 பேர் ஏறலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் 600 பேர் நிற்கிறார்கள். ஒரே பாதைதான் என்றால் கடைசி ஆளுக்கு அரை மணி நேரம். இப்போது பக்கத்தில் இன்னொரு வாசலைத் திறந்து, மணிக்கு 800 இடங்களை அதற்கு ஒதுக்குகிறார்கள். பழைய வரிசைக்கு மிஞ்சுவது 400. அதே 600 பேரில் கடைசி ஆள் இப்போது ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும். ரைடு முன்பு ஓடிய வேகத்தில்தான் ஓடுகிறது, ஒரு நாற்காலிகூடக் கூடவில்லை. உங்களுக்கு மிச்சமான நேரம் பக்கத்து வரிசையில் நிற்பவரின் கணக்கிலிருந்து வந்தது.

இது நமக்குப் புதிதில்லை. திருமலையில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனமும் இலவச தரிசனமும் ஒரே சன்னிதிக்குத்தான் போய்ச் சேர்கின்றன. என் அத்தை முதன்முறையாக ஒரு தீம் பார்க்கில் முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு, பக்கத்துப் பாதையில் ஆட்கள் விறுவிறுவென்று போவதைப் பார்த்து, "நாம தர்ம தரிசன க்யூவுல நிக்கிறோமா?" என்றார். அதைவிடச் சுருக்கமாக நான் விளக்கியதில்லை.

டிஸ்னி இதைத் தொடங்கியது 1999-ல், ஃபாஸ்ட்பாஸ் என்ற பெயரில், இலவசமாக. ரைடு வாசலில் இருக்கும் மெஷினில் டிக்கெட்டைச் செருகினால் ஒரு மணி நேர அவகாசம் போட்ட சீட்டு வரும், அப்போது திரும்பி வந்தால் போதும். பிறகு அது ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் ஆகி, கையில் கட்டும் பட்டையும் ஆப்புமாக மாறியது. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 60 நாள் முன்பே மூன்று ரைடுகளைப் பிடித்து வைக்கலாம், மற்றவர்கள் 30 நாள் முன். 2020-ல் கொரோனாவுக்காகப் பார்க்குகளை மூடியபோது நின்றது, பிறகு திரும்பவே இல்லை. 2021 அக்டோபரில் ஜீனி பிளஸ் வந்தது, ஒரு நாளைக்குத் தலைக்கு 15 டாலர். 2024 ஜூலையில் அதற்கும் பெயர் மாறி இன்றைய லைட்னிங் லேன் பாஸ்கள் ஆயின.

இலவசமாக இருந்ததைப் பொற்காலம் என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். எல்லோர் கையிலும் பாஸ் இருந்தால், மேலே போட்ட கணக்கில் 800 இடமும் தினமும் நிரம்பும். சுமாரான ரைடுக்குக்கூட வரிசை நீளும். விலை ஏற ஏற வாங்குபவர் குறைவார்கள், சும்மா நிற்பவரின் வரிசை அந்த அளவுக்கு நகரும். பணம் இருப்பவனுக்குத் தனி வாசல் என்பது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் வாங்காமல் போகிறவருக்கு, 500 பேரிடம் இருக்கும் விலை உயர்ந்த பாஸைவிட 5,000 பேரிடம் இருக்கும் இலவச பாஸ்தான் பெரிய இடைஞ்சல்.

ஒன்று: எதுவும் வாங்காமல் வரிசையில் நிற்பது

செலவு சைபர். ஆனால் தூக்கம் போகும். வாசல் திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே போய் நின்று, திறந்ததும் முக்கியமான ரைடுக்கு நேராக நடக்க வேண்டும். முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கிற ரைடுகளை மதியம் முடிக்க நினைத்தால் அரை நாள் போய்விடும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களை டிஸ்னி வேர்ல்டின் நாலு பார்க்கிலும் (மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம்) தினமும் அரை மணி நேரம் முன்னதாகவே உள்ளே விடுவார்கள். சின்னதாகத் தெரிந்தாலும் இது பெரிய சலுகை.

இரவிலும் ஒரு வழி உண்டு. பார்க் மூடுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் வரிசையில் சேர்ந்தாலும் ஏற்றித்தான் அனுப்புவார்கள். வாணவேடிக்கைக்குக் கூட்டம் ஒதுங்கும் நேரமும் நல்ல நேரம்.

இலவசமாகவே க்யூவைக் குறைக்க இன்னும் இரண்டு வழிகள் இருக்கின்றன. தனியாக ஏறத் தயார் என்றால் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் போன்ற சில ரைடுகளில் ஒற்றை ஆள் வரிசை உண்டு, காலியாக இருக்கும் ஒரு இடத்தில் உங்களை உட்கார வைப்பார்கள். உயரம் போதாத குழந்தை இருந்தால் வாசலில் ரைடர் ஸ்விட்ச் கேளுங்கள். ஒருவர் ஏறிவிட்டு வரும்வரை இன்னொருவர் குழந்தையோடு இருக்கலாம், பிறகு அவரை லைட்னிங் லேன் வழியாக விடுவார்கள். பாஸ் தேவையில்லை.

எப்போது இதுவே போதும்? செப்டம்பரில், ஜனவரிக் கடைசியில், பள்ளி நடக்கும் வார நாட்களில். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான வாரத்தில் இது வீரம்தான், விவேகம் இல்லை.

தாத்தா பாட்டி விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். விமான நிலையத்தில் வீல்சேர் கேட்டால் எல்லா வரிசையையும் தாண்டிக் கூட்டிப்போவார்கள். அதே நினைப்பில் இங்கேயும் வீல்சேர் எடுப்பவர்கள் உண்டு. டிஸ்னியில் பெரும்பாலான வரிசைகள் வீல்சேர் போகிற அகலத்தில்தான் இருக்கின்றன, அதனால் எல்லோரோடும் சேர்ந்துதான் காத்திருக்க வேண்டும். வரிசையில் நிற்கவே முடியாதவர்களுக்கான சிறப்பு ஏற்பாட்டையும் 2024-ல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு என்று சுருக்கிவிட்டார்கள். முழங்கால் வலிக்கு அது கிடைக்காது. ஆனால் வீல்சேர் எடுங்கள், நடக்கிற தூரம் அப்படி.

இரண்டு: மல்ட்டி பாஸ்

லைட்னிங் லேன் பாஸ்களில் பெரும்பாலோர் குழம்புவது இதில்தான். தலைக்கு ஒரு விலை, பார்க்குக்கும் தேதிக்கும் ஏற்ப மாறும். மூன்று ரைடுகளை முன்கூட்டியே தேர்ந்தெடுக்கலாம். அதற்கு டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு 7 நாள் முன், மற்றவர்களுக்கு 3 நாள் முன். இந்த நாலு நாள் இடைவெளியில்தான் நல்ல ரைடுகளின் நல்ல நேரங்கள் தீர்ந்துபோகின்றன. அனிமல் கிங்டம் தவிர மற்ற பார்க்குகளில் மூன்றையும் உங்கள் இஷ்டத்துக்கு எடுக்கவும் முடியாது. முதல் பட்டியலில் ஒன்று, இரண்டாம் பட்டியலில் இரண்டு. ஹோட்டல் சாப்பாடு போல, ஸ்வீட் ஒன்றுதான், மிச்சம் கூட்டும் பொரியலும்.

ஒன்றைப் பயன்படுத்தியதும் அடுத்ததைப் பிடிக்கலாம். இதன் முழுப் பலனும் இந்த 'அடுத்தது' கிடைப்பதில்தான் இருக்கிறது. வெறும் மூன்று ரைடோடு நிறுத்தினால் காசு தேறாது. தேற்ற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் நாள் முழுக்கப் போனைத் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று கிளம்புவதற்கு முன்பே வீட்டில் பேசிவிடுங்கள். அவருக்கு அது லீவு இல்லை, கிட்டத்தட்ட ஆபீஸ்தான். பவர் பேங்க் அவர் பையில் இருக்கட்டும்.

ஒரு நாளைக்குத் தலைக்கு 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர், நாலு நாள்: 720 டாலர், வரி தனி. அதையே ஏறக்கூடியவர்கள் மூன்று பேருக்கு மட்டும், இரண்டு பார்க்குக்கு மட்டும் என்று குறைத்தால் 180. பாஸ் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி என்பதால் இப்படிப் பிரிக்கத் தடையே இல்லை. எந்த இரண்டு பார்க் என்றால், மேஜிக் கிங்டமும் ஹாலிவுட் ஸ்டூடியோஸும். மேஜிக் கிங்டமில் ரைடுகள் அதிகம், அடுத்தது அடுத்தது என்று போய்க்கொண்டே இருக்கலாம். அனிமல் கிங்டமில் ரைடுகளே குறைவு, காலையில் சீக்கிரம் போனால் பாதி வேலை முடிந்துவிடும். எப்காட் சுற்றிப் பார்க்கவும் சாப்பிடவுமான இடம்.

மழைக்கு இது தாங்குமா? ஓரளவு. புளோரிடாவில் கோடை மதியங்களில் இடி மின்னல் வழக்கம், வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். லைட்னிங் லேனை மூடுவது நிஜ லைட்னிங்தான். உங்கள் நேரத்தில் ரைடு நின்றுபோனால், ஆப்பில் அந்தப் பதிவு வேறு சில ரைடுகளில் பயன்படுத்தக்கூடியதாக மாறிவிடும். பையன் தூங்கிப்போய் நீங்கள் நேரத்தைத் தவறவிட்டால் அதற்கு இப்படிச் சலுகை கிடையாது.

மூன்று: சிங்கிள் பாஸ்

எல்லோரும் ஏற ஆசைப்படும் ஒன்றிரண்டு ரைடுகளை மல்ட்டி பாஸில் சேர்க்காமல் தனியாக விற்கிறார்கள். ஹாலிவுட் ஸ்டூடியோஸில் ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், அனிமல் கிங்டமில் ஃப்ளைட் ஆஃப் பேசேஜ், எப்காட்டில் கார்டியன்ஸ், மேஜிக் கிங்டமில் ட்ரான் போன்றவை. மல்ட்டி பாஸ் வாங்காமலே இதை மட்டும் வாங்கலாம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு.

எனக்குப் பிடித்தது இதுதான். எதற்குக் கொடுக்கிறோம் என்பது தெளிவாக இருக்கிறது: இந்த ரைடு, இந்த நேரம், இவ்வளவு பணம். போனைத் தடவ வேண்டியதில்லை. ஆனால் வாங்குவதற்கு முன் உயரத்தை அளந்துவிடுங்கள். ட்ரானுக்கு 122 செ.மீ. வேண்டும், ஃப்ளைட் ஆஃப் பேசேஜுக்கு 112, கார்டியன்ஸுக்கு 107, ரைஸுக்கு 102. மூன்று வயதுப் பையனுக்கு எதுவும் நடக்காது. முதுகு வலி, பிரஷர் இருக்கும் தாத்தாவுக்கும் பெரும்பாலும் வேண்டாம். ஆக, ஆறு பேர் குடும்பத்தில் வாங்க வேண்டியது மூன்று. தாத்தா பாட்டி பையனைப் பார்த்துக்கொள்வதால் அப்பா அம்மா இருவரும் மகளோடு ஒன்றாகவே ஏறலாம். நம் கூட்டுக் குடும்பத்தின் இந்த வசதிக்கு எந்தப் பார்க்கும் இதுவரை விலை வைக்கவில்லை.

நான்கு: பிரீமியர் பாஸ்

2024 அக்டோபர் கடைசியில் வந்தது. ஒரு பார்க்கில் லைட்னிங் லேன் இருக்கும் எல்லா ரைடுகளிலும் தலா ஒரு தடவை, நேரம் குறிக்காமல், நினைத்தபோது போகலாம். அறிமுக விலை பார்க்கையும் தேதியையும் பொறுத்துத் தலைக்கு 129 முதல் 449 டாலர் வரை. கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் 400 டாலரில் தொடங்கினார்கள். நுழைவு டிக்கெட் இதில் சேர்த்தி இல்லை.

கூட்டமான வாரத்தில் ஆறு பேருக்குக் கணக்குப் போட்டால் ஒருவர் இந்தியாவுக்குப் போய்வரும் விமான டிக்கெட்டைத் தாண்டிவிடும். ஆனாலும் இது யாருக்கும் ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, அதுவும் கூட்டமான வாரம், இரண்டே பேர், அடுத்த பத்து வருஷத்துக்கு வரப்போவதில்லை என்றால், கூடுதலாக ஒரு நாள் ஹோட்டலும் டிக்கெட்டும் என்ன ஆகும் என்று பக்கத்தில் எழுதிப் பாருங்கள். சில சமயம் இது ஜெயிக்கும். நாலு நாள் கையில் இருப்பவர்களுக்குத் தேவையே இல்லை.

ஐந்து: யுனிவர்சல் ஹோட்டல் வழி

டிஸ்னியில்தான் எல்லா நாளையும் கழிக்க வேண்டும் என்பதில்லையே. ஆர்லாண்டோவிலேயே இருக்கும் இன்னொரு தீம் பார்க் நிறுவனமான யுனிவர்சலின் மூன்று உயர்தர ஹோட்டல்களில் (போர்ட்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிஃபிக்) தங்கினால், அறையில் இருக்கும் அனைவருக்கும் அங்கே க்யூவைத் தாண்ட உதவும் எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட் பாஸ் சேர்த்தே வருகிறது. அறைக்கு வரும் நாள், காலி செய்யும் நாள் இரண்டுக்கும் செல்லும். அதாவது ஒரு ராத்திரி வாடகைக்கு இரண்டு நாள் பாஸ். ஒரே ரைடில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம், நேரம் பிடிக்கும் வேலையும் இல்லை.

அறை வாடகையைப் பார்த்ததும் மூடிவிட்டுப் போகத் தோன்றும். நாலு பேருக்கான இரண்டு நாள் எக்ஸ்பிரஸ் விலையைத் தனியாகக் கூட்டிப் பார்த்தால் கூட்டமான நாட்களில் அறை கிட்டத்தட்ட இலவசம்போலத் தெரியும். ஆறு பேருக்கு ஓர் அறை போதாது என்பது வேறு விஷயம். இன்னொரு கண்ணி: இந்தப் பாஸ் பழைய இரண்டு பார்க்குகளுக்கு மட்டும்தான். 2025 மே 22-ல் திறந்த எபிக் யுனிவர்ஸுக்கும், வால்கேனோ பே தண்ணீர்ப் பூங்காவுக்கும் செல்லாது. எபிக்கைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

| வழி | பணம் | எப்போது முடிவு | போன் வேலை | எங்கே சறுக்கும் |
|---|---|---|---|---|
| வெறும் வரிசை | இல்லை | அன்றைக்கே | குறைவு | லீவு வாரங்கள், தாமதமாக எழுபவர்கள் |
| மல்ட்டி பாஸ் | நடுத்தரம் | 7 அல்லது 3 நாள் முன் | மிக அதிகம் | ரைடு குறைவான பார்க், மதியத் தூக்கம் |
| சிங்கிள் பாஸ் | ரைடுக்கு ரைடு | 7 அல்லது 3 நாள் முன் | குறைவு | உயரம் போதாத குழந்தை |
| பிரீமியர் | மிக அதிகம் | முன்பே | இல்லை | பெரிய குடும்பம் |
| யுனிவர்சல் ஹோட்டல் | அறை வாடகையில் | மாதங்கள் முன் | இல்லை | எபிக் யுனிவர்ஸ் பார்ப்பவர்கள் |

காத்திருந்தால் மலிவாகுமா?

"இன்னும் இரண்டு வருஷம் கழித்துப் போகலாமா" என்றும் கேட்கிறார்கள். பாஸ் விலை இறங்கும் என்பதற்காகக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. 15 டாலர் ஒரே விலை என்று தொடங்கியது ஒரே வருஷத்தில் தேதிக்கேற்ற விலையாகவும், அடுத்த வருஷமே பார்க்குக்கு ஏற்ற விலையாகவும் மாறியது. அதன்மேல் பிரீமியர் வந்து உட்கார்ந்தது. விமான டிக்கெட் போன வழியில்தான் இதுவும் போகிறது.

இலவச மெய்நிகர் வரிசைதான் எதிர்காலம் என்று ஒரு காலத்தில் நினைத்தோம். 2019-ல் ரைஸ் திறந்தபோது, அதன்பின் கார்டியன்ஸ், ட்ரான், டியானாஸ் பாயு திறந்தபோதெல்லாம் காலையில் ஆப்பில் டோக்கன் எடுக்க வேண்டியிருந்தது. சில நொடிகளில் தீர்ந்துவிடும். தத்கால் பழகிய நம் ஆட்களுக்கு இதில் ஒரு சாமர்த்தியம் இருந்தது என்பது உண்மை. ஆனால் ட்ரான் 2024-லும் கார்டியன்ஸ் 2025-லும் சாதாரண வரிசைக்கே திரும்பிவிட்டன. டோக்கன் கிடைத்தவர் வரிசையில் நிற்காமல் நடைபாதையையும் மற்ற ரைடுகளையும் நிரப்புகிறார், கிடைக்காதவருக்கு நின்று ஏறும் வாய்ப்பும் போகிறது. ஜெர்மனியின் யூரோபா பார்க் இன்னும் இலவசமாக ஆப் வழியே இதைத் தருகிறது. டோக்கியோ டிஸ்னி 2023 முதல் சில ரைடுகளுக்கு இலவச பாஸ் ஒன்றும், பெரிய ரைடுகளுக்குக் கட்டண பாஸ் ஒன்றும் என்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தது. நிற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு சமரசமாக எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அமெரிக்கப் பார்க்குகள் அந்தப் பக்கம் திரும்பும் அறிகுறி தெரியவில்லை.

வரிசை நிஜமாகவே குறைய ஒரே வழி மணிக்கு ஏறுபவர் எண்ணிக்கை கூடுவதுதான், அதாவது புது ரைடுகள். டிஸ்னி பத்து ஆண்டுகளில் 6,000 கோடி டாலர் பார்க்குகளிலும் கப்பல்களிலும் போடப்போவதாக 2023-ல் அறிவித்தது. மேஜிக் கிங்டமில் பழைய ஆற்றையே மூடிவிட்டு 'கார்ஸ்' திரைப்படத்தை வைத்து ஒரு பகுதி கட்டுகிறார்கள். கட்டி முடியும்போது உங்கள் மகள் உங்களோடு ஏறுவாளா, தோழிகளோடு ஏறுவாளா என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போவதென்றால் இப்போதே போகலாம் என்பது என் எண்ணம்.

டல்லாஸ்காரருக்கு

டிசம்பர் லீவு என்பதால் வெறும் வரிசையை நம்ப வேண்டாம். மேஜிக் கிங்டமுக்கும் ஹாலிவுட் ஸ்டூடியோஸுக்கும் மூன்று பேருக்கு மல்ட்டி பாஸ். அனிமல் கிங்டமில் அதே மூன்று பேருக்கு ஃப்ளைட் ஆஃப் பேசேஜ் மட்டும் சிங்கிள் பாஸ். எப்காட்டுக்கு ஒன்றும் வேண்டாம், கார்டியன்ஸில் ஏறும் ஆசை இருந்தால் காலையில் முதல் ஆளாகப் போங்கள். பையன் ஏறக்கூடிய சின்ன ரைடுகளுக்குத் தாத்தாவோடு சாதாரண வரிசையே போதும்.

முன்பதிவு திறப்பது புளோரிடா நேரம் காலை 7 மணிக்கு. டல்லாஸில் அப்போது 6 மணி. உங்களால் எழ முடியாதென்றால் மதுரையில் இருக்கும் தம்பியிடம் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடுங்கள், டிசம்பரில் அங்கே அது சாயங்காலம் ஐந்தரை மணிதான்.